வாசலுக்கு வெளியே ஒரு விதி, உள்ளே ஒரு விதி

செராஸில் வேலை தேடும் தமிழ் இளைஞர்களிடம் முதலில் சொல்லவேண்டிய விஷயம் கொஞ்சம் கசக்கும். நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே நிற்கும்வரை சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. உள்ளே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்குப் பல் முளைக்கிறது. இது தெரியாமல் பலர் வெளியே நின்று சண்டை போடுகிறார்கள்; உள்ளே போனதும் 'எதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படியே மாற்றிச் செய்யவேண்டும்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்த 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு என்று ஊழியருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் ஆள்பலத் துறையின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். அதன் பிறகும் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை கூடிக்கொண்டே போகும். கவனிக்கவேண்டியது, இது 'ஊழியர்' என்று பேசுகிறது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் இன்னும் ஊழியர் இல்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி இருக்கிறதே என்று கேட்கலாம். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது அது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. கர்ப்பமானதால் வேலை போன விமானப் பணிப்பெண் ஒருவர் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். தனிப்பட்டவர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் அரசியலமைப்பு தலையிடாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வழக்கு நமக்குப் பக்கத்தில், உலு லங்காட்டில் நடந்தது. தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற ஒரு பெண், கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் மாவட்டக் கல்வி அலுவலகம் அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றது. 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், இது 8ஆவது விதியை மீறிய பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. இரண்டு பேருக்கும் நேர்ந்தது ஒன்றுதான். ஒருவருக்கு எதிரில் இருந்தது விமான நிறுவனம், இன்னொருவருக்கு எதிரில் அரசாங்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கப்பூர் இந்த ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டது. 2025 ஜனவரியில் அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இனம், சமயத்தோடு மொழித் திறனையும் பட்டியலில் வைத்திருக்கிறது. 25 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. நம் பக்கம் அப்படிப்பட்ட சட்டம் வரும்வரை, வாசலில் நமக்கு இருப்பது உத்தி மட்டும்தான்.

வாசலில்

லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். புதுப் பட்டதாரிகளின் பெயரில் கற்பனையான சுயவிவரங்களைத் தயாரித்து, கணக்கியல், பொறியியல் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர் கொண்டவற்றில் 22.1 விழுக்காட்டுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் கொண்டவற்றில் 4.2 விழுக்காட்டுக்குத்தான். சுயவிவரத்தின் தரத்தைவிட இனமே அதிகம் வேலை செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2016இல் ஆய்விதழில் வந்தது. இந்தியப் பெயர்களை அவர்கள் சேர்க்கவில்லை. ஆனால் பெயரில் ஏ/எல், ஏ/பி வைத்திருக்கும் இந்தியர் எவருக்கும் இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அதே ஆய்வில் நமக்கு உதவக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. சீனமொழி தெரிந்த விண்ணப்பதாரர்களுக்கு அழைப்பு கூடியது. அதாவது ஒதுக்குகிறவர்களில் ஒரு பகுதியினர் வெறுப்பால் ஒதுக்கவில்லை. 'இவன் நம்மோடு ஒட்டுவானா' என்ற சந்தேகத்தால் ஒதுக்குகிறார்கள். வெறுப்பை ஒரு பக்கச் சுயவிவரத்தால் மாற்ற முடியாது. சந்தேகத்தைக் கொஞ்சம் தணிக்கலாம்.

ஆகவே பெயரை மறைக்காதீர்கள், சுருக்காதீர்கள். எப்படியும் நேர்முகத்தில் முகம் தெரியப்போகிறது. அதற்குப் பதில் முதல் மூன்று வரிகளில் முதலாளியின் மனத்தில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பாலாக்கோங் தொழிற்சாலைக்கு எழுதினால்: எங்கே தங்கியிருக்கிறீர்கள், சொந்த வாகனம் உண்டா, ஷிஃப்ட் வேலைக்குச் சம்மதமா, எந்த மொழிகளில் பேசவும் எழுதவும் முடியும். 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவர்' என்ற வரிகளை எடுத்து எறியுங்கள். எல்லாருடைய சுயவிவரத்திலும் அது இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

மாண்டரின் விவகாரத்துக்கு வருவோம். விளம்பரத்தில் 'கட்டாயம்' என்று போட்டிருக்கிறதா, 'முன்னுரிமை' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னுரிமை என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். கட்டாயம் என்றால் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில் மாண்டரின் யாரோடு பேசத் தேவைப்படும்?" வாடிக்கையாளரோடு, சீனாவிலிருந்து வரும் சப்ளையரோடு என்றால் அது வேலைக்கான தேவைதான், கோபப்பட ஒன்றுமில்லை. "ஆபீஸில் எல்லாரும் பேசுவது அதுதான்" என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. (மாண்டரின் கேட்டு ஆள் எடுத்துவிட்டு, உள்ளே முழுக்க முழுக்கக் கன்டோனீஸ் பேசும் அலுவலகங்கள் செராஸில் உண்டு. போன பிறகுதான் தெரியும்.)

நேர்முகத்தில் 'கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது' என்று கேட்டால்? கேட்கக்கூடாது என்று தனியார் துறைக்குத் தெளிவான தடை இல்லை. சண்டை வேண்டாம், பொய்யும் வேண்டாம். "வேலை நேரத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை, ஷிஃப்ட் அட்டவணையைச் சொல்லுங்கள்" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். விளம்பரத்தையும் வந்த பதிலையும் மட்டும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அரசாங்க வேலை வேறு கதை. 153ஆவது விதி பொதுச் சேவையில் இடஒதுக்கீட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் உள்ளே வந்தபின் ஒரே தரத்தில் இருப்பவர்களை இனம் பாராமல் நடத்தவேண்டும் என்கிறது 136ஆவது விதி. 'நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது' என்று விண்ணப்பிக்காமலேயே இருப்பதுதான் இதில் மோசம். பொதுச் சேவை ஆணையத்தின் (எஸ்.பி.ஏ.) இணையத்தளத்தில் பதிவு செய்ய நேரம்தான் செலவு.

உள்ளே: லீவு

வேலையில் சேர்ந்த பிறகு முதலில் வரும் உரசல் பெரும்பாலும் தைப்பூசத்தில்தான். கோலாலம்பூர், சிலாங்கூர் இரண்டிலும் தைப்பூசம் பொது விடுமுறை. எனவே லீவு தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை.

வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி தனியார் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் தரவேண்டும். அவற்றில் ஐந்தைத் தொடவே முடியாது: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், பிறகு மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம். மீதி ஆறும் முதலாளியின் தேர்வு. சட்டத்தின் கண்ணில் தீபாவளியும், சீனப் பெருநாளும், ஹரி ராயாவும் இந்த ஆறுக்குள்தான் வருகின்றன. பெருநாட்களுக்கு ஒதுக்கிய பிறகு தைப்பூசத்துக்கு இடம் இல்லாமல் போவது சகஜம்.

செராஸுக்கு இதில் இன்னொரு வேடிக்கை. பேருக்கு ஒரே செராஸ். எல்லைக்கோடோ நடுவில் ஓடுகிறது. தாமான் மிடா, தாமான் கனாட் கோலாலம்பூர். பத்து 9, பாலாக்கோங், பண்டார் மக்கோத்தா பக்கம் சிலாங்கூர். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினத்தன்று இந்தப் பக்கத்து அலுவலகம் பூட்டியிருக்கும், அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஓடும். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாளில் இது தலைகீழ். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது; வேலையிடம் எங்கே என்பதுதான். புகார் கொடுக்கப் போகும் ஆள்பலத் துறை அலுவலகமும் அப்படியே.

சரி, தைப்பூசத்துக்கு என்ன வழி? அடுத்த ஆண்டுக்கான ஆறு விடுமுறைகளின் பட்டியலை ஆண்டு பிறப்பதற்கு முன்பே எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும் என்பது முதலாளியின் கடமை. அந்த ஆறில் எதையும் ஊழியரும் முதலாளியும் பேசி வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. எனவே நவம்பரில் பேசுங்கள், ஜனவரியில் பேசாதீர்கள். "கிறிஸ்துமஸுக்கு நான் வேலைக்கு வருகிறேன், தைப்பூசத்துக்கு விடுங்கள்" என்று ஈமெயிலில் கேளுங்கள். காவடி எடுப்பவர் என்றால் மறுநாளையும் சேர்த்து ஆண்டு விடுப்பில் எழுதிவிடுங்கள். முதல் நாள் இரவு மருத்துவச் சான்றிதழ் தேடி கிளினிக்குக்கு அலைவதுதான் நம் பேரைக் கெடுக்கிறது. ஷிஃப்டில் ஆளை மாற்றிக்கொள்வதென்றால் உங்கள் மலாய் நண்பரிடமும் சீன நண்பரிடமும் முன்கூட்டிப் பேசுங்கள். ஹரி ராயாவுக்கு நீங்கள் நின்றது அவருக்கு நினைவிருக்கும்.

பொது விடுமுறை நாளில் கட்டாயம் வரச் சொன்னால், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சம்பளக்காரர்களுக்கு அன்றைய விடுமுறைச் சம்பளம் போக மேலும் இரண்டு நாள் சம்பளம் உண்டு. பலருக்கு ஒரு நாள் மட்டுமே வருகிறது. சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

விரதக் காலத்தில் நேரத்தை மாற்றிக்கொள்ள விரும்பினால் 2023 முதல் இன்னொரு கதவும் உண்டு. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். சம்மதித்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் எழுதப்பட்ட காரணம் ஒன்று உங்கள் கையில் இருப்பது சாதாரண விஷயமில்லை.

வசைச்சொல்லும் சம்பளமும்

நம்மவர்களைக் குறிக்கும் அந்தப் பழைய வசைச்சொல் தொழிற்சாலைத் தளத்தில் இன்னும் புழங்குகிறது. பெரும்பாலும் 'தமாஷ்' என்ற பெயரில். முதல் தடவையே, சிரிக்காமல், குரலை உயர்த்தாமல், "ஜாங்ஙான் பாங்கில் சாயா பெகித்து" (என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள்) என்று சொல்லுங்கள். தானும் சிரித்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுத்தால், 'அப்போது சிரித்தாயே' என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக வரும். அது நியாயமில்லை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது. சொன்ன பிறகும் தொடர்ந்தால், தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள் என்று அன்றைக்கே எழுதி, உங்களுக்கே ஒரு வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்ளுங்கள். தேதி அதில் தானாகப் பதிந்துவிடும்.

69எஃப் பிரிவில் பாகுபாடு என்றால் என்ன என்ற விளக்கமும் இல்லை, எந்தெந்தக் காரணங்கள் என்ற பட்டியலும் இல்லை. வழக்கறிஞர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் இருந்தால் அதில் இல்லாததை வைத்துத் தப்பிக்கலாம். சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் எந்தச் சொல்லுமே அங்கே இல்லாதபோது அதையும் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம்.

சம்பள வித்தியாசத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி. அதே பட்டியலில், துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. கூலியும் மானமும் ஒரே தாளில். முன்னின்ற ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை இறக்கப்பட்டு, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். இன்று கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

இன்றைய கணக்கு அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருக்கும், அலவன்ஸில் வித்தியாசம் வரும். மாண்டரின் பேசுகிறவருக்கு மொழி அலவன்ஸ் கொடுத்தால், அந்த மொழி வேலையில் பயன்படும்வரை அதில் தப்பில்லை. ஆனால் தமிழ் வாடிக்கையாளர் போன் செய்யும்போதெல்லாம் உங்களைக் கூப்பிடுகிறார்களா? மாதத்தில் எத்தனை அழைப்பு என்று குறித்துவைத்து, சம்பள உயர்வுப் பேச்சில் அதை மேசையில் வையுங்கள். நம் மொழி மட்டும் ஏன் இலவசம்?

சம்பளச் சீட்டு தராத முதலாளியிடம் எழுதிக் கேளுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கையில் வரவேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட் முதல் சின்ன முதலாளிகளுக்கும் பொருந்தும்.

கர்ப்பிணியாக இருக்கும் ஊழியரை, ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், நிறுவனம் மூடப்படுவது தவிர வேறு காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்துவது குற்றம். பேறுகால விடுப்பு 98 நாள். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி, 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அது போதாது என்றால் 2024இல் இயங்கத் தொடங்கிய பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது, இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை.

கோபத்தில் ராஜினாமா செய்யாதீர்கள்

நம் ஆட்கள் செய்யும் மிக விலையுயர்ந்த காரியம் இதுதான். மேனேஜர் கத்துகிறார், கடிதத்தை முகத்தில் வீசிவிட்டு வெளியே வந்து, தாமான் கனாட் இரவுச் சந்தையில் நண்பர்களிடம் கதை சொல்கிறோம். கதை நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தோடு, வேலை நீக்கத்துக்கு எதிராகப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. 'நீயாகக் கடிதம் எழுதிக் கொடு' என்று நெருக்கினால், கையெழுத்துப் போடாமல், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, அன்று மாலையே "இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை" என்று எச்.ஆருக்கு ஈமெயில் அனுப்புங்கள்.

நியாயமில்லாமல் நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் தொழில்துறை உறவுத் துறையிடம் முறையிடவேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். சம்பளம் எவ்வளவு என்ற வரம்பு இதற்கு இல்லை. அங்கே சமரசம் ஆகவில்லை என்றால் விவகாரம் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால் நிலுவைச் சம்பளம் 24 மாதம் வரை கிடைக்கலாம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம்.

பாகுபாடு, சம்பளப் பாக்கி, விடுமுறை போன்றவற்றுக்கு ஆள்பலத் துறை. நேரில் போகலாம், அல்லது 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியில் புகார் பதியலாம். புகாரை மலாயில் எழுதுங்கள். 'எனக்கு அநியாயம் நடந்தது' என்று தொடங்காதீர்கள், தேதியில் தொடங்குங்கள். ஒரே வேலை, ஒரே அனுபவம், வேறு இனம், வேறு நடத்தை என்று ஒப்பிட ஒருவரைக் காட்ட முடிந்தால், மூன்று பக்கக் கண்ணீரைவிட அந்த ஒரு பத்தி அதிகம் வேலை செய்யும்.

நம் கடைகளுக்கு

இவ்வளவும் படித்துவிட்டு, 'அவர்கள் நமக்குச் செய்வது' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் செராஸிலும் உணவகம், முடிதிருத்தகம், துணிக்கடை, பட்டறை நடத்துகிற நாமும் முதலாளிகள்தான். தமிழகத்திலிருந்து வந்த தம்பியின் கடப்பிதழை 'பத்திரமா இருக்கட்டும்' என்று மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பது கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். உள்ளூர் ஆளுக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி என்றால் அவரும் ஆள்பலத் துறையில் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டு ஊழியரும் உள்ளூர் ஊழியரும் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பாகுபாடு என்று முறையிட 60எல் பிரிவு 2023க்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமும் அவருக்கு அதேதான். வங்காளதேசத் தொழிலாளரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைக் கடையில் நின்று ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். பாலாக்கோங் தளத்தில் நமக்குக் கிடைக்கும் வசைச்சொல்லுக்கு ரொம்பத் தூரமில்லை.

'தம்பிக்குச் சொந்த ஊர் எது, அங்கே யாரு ஆளு' என்ற கேள்வி எதை நோண்டுகிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அதை விட்டுவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்திலிருந்து இனம், சமயம், திருமணம், புகைப்படம் ஆகிய நான்கு கட்டங்களையும் எடுத்துவிடலாம். கே.டபிள்யூ.எஸ்.பி. (சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு) பதிவுக்கு என்ன விவரம் வேண்டுமோ, அதை ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அடையாள அட்டையைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். நேர்முகத்துக்கு வரும் எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு எதிரே மதிப்பெண் போட்டு, அந்தத் தாளை ஒரு கோப்பில் வையுங்கள். யாராவது 'ஏன் என்னை எடுக்கவில்லை' என்று கேட்டு வந்தால், காட்ட ஒரு தாள் இருக்கும்.